ஒலிக்கும் நிலம்: இடத்தைக் கேட்ட கலையின் வரலாறு

முன்னுரை

ஓர் ஊரை அறிய விரும்புவோர் அதன் வரைபடத்தைப் பார்க்கின்றனர், நிழற்படங்களைப் பார்க்கின்றனர், வரலாற்றைப் படிக்கின்றனர். அவ்வூர் எவ்வாறு ஒலிக்கிறது என்று வினவுவோர் மிகச் சிலரே. பழைய கட்டடம் ஒன்று இடிக்கப்பட்டால் அதன் படமாவது எஞ்சும். அக்கட்டடத்தின் மணியோசை நின்றுபோனாலோ, அதைக் கேட்டவர்களின் நினைவோடு அதுவும் மறைந்துவிடும். மொழியியலைத் துறையாகக் கொண்ட நமக்கு இது புதிய செய்தி அன்று. எழுத்தில்லா மொழியொன்றின் கடைசிப் பேச்சாளர் மறையும்போது நிகழ்வதும் இதுவே.

இருபதாம் நூற்றாண்டில் கலைஞர் சிலர் இடத்தையும் நிலத்தையும் மூலப்பொருளாகக் கொண்டு புதியதொரு கலையைச் செய்து பார்த்தனர். ஓவியர் நிலக்காட்சியைத் தீட்டியதுபோல, இவர்கள் ஆற்றையும் துறைமுகத்தையும் காட்டையும் தெருவையும் ஒலியால் தீட்ட முயன்றனர். அம்முயற்சியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம். அவ்வரலாறு நெடுகிலும் ஒரு வினா தொடர்ந்து வருகிறது: ஓர் ஒலி அது பிறந்த இடத்துக்கு உரியதா, அதைக் கேட்கும் செவிக்கு உரியதா? இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் நமக்கு விட்டுச்சென்றவை ஒலிப்பதிவுகள் மட்டும் அல்ல. ஒலிகளைப் பற்றிப் பேசுவதற்கான சொற்களையும் அவர்கள் தந்தனர். பதிவைக் காட்டிலும் அச்சொற்களே பெரிய கொடை என்பது நமது கருத்து.

ஒலி இடத்தைப் பிரிந்த காலம்

1877ஆம் ஆண்டில் தாமஸ் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கும் வரை ஒலியும் அது பிறந்த இடமும் பிரிக்க இயலாதவையாக இருந்தன. அருவியின் ஓசையைக் கேட்க வேண்டுமானால் அருவிக்குத்தான் செல்ல வேண்டும். கருவி வந்தபின் ஒலி தன் இடத்தை விட்டுப் பயணம் செய்யத் தொடங்கியது. அதனை முதலில் முறையாகப் பயன்படுத்திக்கொண்டோருள் மொழி ஆய்வாளரும் இசை ஆய்வாளரும் அடங்குவர். 1899இல் வியன்னாவிலும் 1900இல் பெர்லினிலும் ஒலிப்பதிவுக் காப்பகங்கள் தோன்றின. மொழியியலாரின் களப்பணியும் பின்னாளைய ஒலிக்கலையும் ஒரே கருவியின் பிள்ளைகள் என்பதை மனத்தில் கொள்ளுதல் நலம்.

கலைஞர் பக்கத்தில் முதற்குரல் இத்தாலியிலிருந்து எழுந்தது. ஓவியராகிய லூயிஜி ருஸ்ஸோலோ 1913இல் இரைச்சலின் கலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஆலைகளும் வண்டிகளும் நிறைந்த நகரத்தில் வாழும் செவிக்குப் பழைய இசைக்கருவிகளின் ஒலி போதாது என்பது அவர் வாதம். அதற்கென இரைச்சல் எழுப்பும் பெட்டிகளைத் தாமே செய்தார். எனினும் அவை நகரத்தின் ஒலிகள் அல்ல. அவற்றை ஒத்த ஒலிகளே.

உண்மையான ஓர் இடத்தின் ஒலியை வெட்டி ஒட்டிக் கலையாக்கிய தொடக்க முயற்சிகளுள் ஒன்று 1930இல் பெர்லினில் நிகழ்ந்தது. திரைப்பட இயக்குநர் வால்ட்டர் ருட்மன், திரைப்படச் சுருளின் ஒலித்தடத்தில் நகரத்தின் ஓசைகளைப் பதிந்து, படமே இல்லாத ஒரு படத்தை உருவாக்கினார். ‘வார இறுதி’ எனும் அப்படைப்பு ஏறத்தாழ 11 நிமிடம் ஓடுவது. வேலை முடிவதும், மக்கள் நகரை விட்டு வெளியே செல்வதும், மீண்டும் வேலைக்குத் திரும்புவதும் இயந்திரம், தொடர்வண்டி, பாட்டு, மணி ஆகியவற்றின் துணுக்குகளால் சொல்லப்பட்டன. வானொலி அதனை ஒலிபரப்பியது.

1944இல் கெய்ரோ நகரில் ஹலீம் எல்-தப் எனும் இளைஞர், வானொலி நிலையத்திலிருந்து கம்பிப் பதிவுக் கருவியை இரவல் பெற்று, பெண்கள் கூடி நிகழ்த்தும் ‘ஸார்’ எனும் சடங்கின் பாடலைப் பதிந்தார். பின்னர் நிலையத்தில் அமர்ந்து குரலின் அடித்தொனிகளை நீக்கி, எதிரொலியை மிகுத்து, மூலத்தை அடையாளம் காண இயலாத ஓர் ஒலியாக மாற்றினார். இக்கலையின் வரலாறு ஐரோப்பாவில் மட்டுமே தொடங்கியது என்று எழுதுவோர் இம்முயற்சியை மறந்துவிடுகின்றனர்.

1948இல் பாரிஸில் வானொலிப் பொறியாளர் பியேர் ஷெஃபேர், பத்தின்யோல் தொடர்வண்டி நிலையத்தில் எஞ்சின்களின் ஓசையைப் பதிந்து ஒரு சிறு படைப்பை அமைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் பிற இரைச்சல் ஆக்கங்களுடன் அது ஒலிபரப்பாயிற்று. ஆனால் அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. கேட்போர் அனைவரும் ‘இது தொடர்வண்டி’ என்று கண்டுகொண்டனர். அவர் வேண்டியதோ வண்டி அன்று; வண்டியை மறந்த தூய ஒலி. ஆகவே ஒலியைத் தன் மூலத்திலிருந்தும் பொருளிலிருந்தும் பிரித்துக் கேட்கும் பயிற்சியை அவர் வகுத்தார். அவ்வாறு பிரித்தெடுத்த ஒலியை ‘ஒலிப்பொருள்’ என்றார். 1966இல் வெளிவந்த பெருநூலில் அதற்கு இலக்கணமும் எழுதினார்.

மொழியியல் பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். ஒரு சொல்லைப் பலமுறை சொல்லிப் பார்த்தால் பொருள் கழன்று வெறும் ஒலி எஞ்சும். அவ்வொலியை அளப்பது ஒலியியல். அவ்வொலிக்கு ஒரு மொழிச் சமூகத்தில் என்ன மதிப்பு என்று காண்பது ஒலியனியல். ஷெஃபேர் செய்தது முன்னதற்கு நெருக்கமானது. பின்னதற்கு நெருக்கமான கலை தோன்ற மேலும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

இடம் திரும்பி வந்த காலம்

1952ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், அமெரிக்காவின் வுட்ஸ்டாக் ஊருக்கு அருகே காட்டை ஒட்டிய ஓர் அரங்கில் டேவிட் டியூடர் பியானோவின் முன் அமர்ந்து ஒரு சுரமும் வாசியாமல் எழுந்தார். ஜான் கேஜ் இயற்றிய, 4 நிமிடம் 33 நொடி நீளும் அப்படைப்பு பலருக்குச் சினமூட்டியது. ஆனால் கேஜ் பின்னர் கூறியபடி, அரங்கில் அமைதி நிலவவில்லை. முதற்பகுதியில் வெளியே காற்று அசைந்தது. இரண்டாம் பகுதியில் கூரைமேல் மழைத்துளி விழுந்தது. மூன்றாம் பகுதியில் மக்களே முணுமுணுத்தனர். கலைஞர் வாய்மூடியதும் இடம் பேசத் தொடங்கிற்று.

1966இல் தாளக் கலைஞர் மேக்ஸ் நியூஹவுஸ் இதனை அரங்குக்கு வெளியே கொண்டுசென்றார். நியூயார்க் தெருமுனையில் நண்பர்களை அழைத்து, ஒவ்வொருவர் கையிலும் ‘கேள்’ எனும் சொல்லை முத்திரையாகக் குத்தி, மின்னிலையத்தின் முழக்கத்தையும் தெருவின் ஓசைகளையும் கேட்டபடி நடக்கவைத்தார். அதே கலைஞர் 1977இல் டைம்ஸ் சதுக்கத்தில், நடைபாதைத் தீவொன்றின் காற்றுப்போக்கிக் கம்பிகளுக்கு அடியில், மணியின் அதிர்வை ஒத்த ஓர் ஒலியை நிறுவினார். அங்கே பெயர்ப்பலகை இல்லை. கவனித்தவர் கண்டுகொள்ளலாம், மற்றவர் கடந்து செல்லலாம். 1992இல் நின்றுபோன அவ்வொலி 2002இல் மீண்டும் நிறுவப்பட்டது.

பாரிஸில் ஷெஃபேருடன் பணிபுரிந்த லூக் ஃபெராரி வேறொரு வழியில் சென்றார். குரோவேசியாவின் கோர்ச்சுலா தீவில் உள்ள வேலா லூகா எனும் மீனவர் ஊரில் விடியற்காலை ஒலிகளைப் பதிந்து, 1970இல் ‘ஏறத்தாழ ஒன்றுமில்லை’ எனும் படைப்பாக வெளியிட்டார். படகின் எஞ்சின், கழுதையின் கத்தல், பெண்களின் பேச்சு, இறுதியில் சிள்வண்டுகளின் ஓயாத இரைச்சல் என ஏறத்தாழ 20 நிமிடத்தில் ஊர் விழித்தெழுகிறது. கைபடாத பதிவு போலத் தோன்றினும் அது கவனமாகத் தொகுக்கப்பட்டது. இது இசையே அன்று எனக் கருதியோரும் இருந்தனர். ஷெஃபேர் மறக்கச் சொன்ன இடத்தை, அவரோடு பணிபுரிந்தவரே மீட்டுக்கொண்டுவந்தார்.

வான்கூவர்: ஒரு நகரமும் அதற்கான சொற்களும்

இவ்வரலாற்றின் நடுப்பகுதி கனடாவின் மேற்குக் கரையில் அமைந்தது. இசையமைப்பாளர் மரே ஷேஃபர் 1965இல் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பிரெஞ்சு ஷெஃபேர், கனடிய ஷேஃபர் எனும் இருவர் பெயரும் தமிழில் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கின்றன. ஆனால் ஒருவர் ஒலியை இடத்திலிருந்து விடுவிக்க விரும்பினார், மற்றவர் அதனை மீண்டும் இடத்தோடு கட்ட விரும்பினார். ஒலி தன் மூலத்திலிருந்து பிளவுபட்டு எங்கும் ஒலிப்பதை ஒரு நோயின் பெயர் போன்ற சொல்லால் சுட்டிய கனடிய ஷேஃபர், தம் மாணவரோடும் இளம் ஆய்வாளரோடும் உலக ஒலிச்சூழல் திட்டத்தைத் தொடங்கினார். பாரி துருவாக்ஸ், ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் முதலியோர் அக்குழுவில் இருந்தனர்.

1973இல் ‘வான்கூவர் ஒலிச்சூழல்’ எனும் இசைத்தட்டுகள் ஒரு நூலுடன் வெளிவந்தன. துறைமுகம், கடல், மணி, கப்பலின் ஊதல், தெரு ஆகியன அதில் இடம்பெற்றன. நகரத்தை விவரிக்க அக்குழுவினருக்குச் சொற்கள் தேவைப்பட்டன. அவற்றுள் மூன்று இன்றும் வழங்குகின்றன. அவற்றைத் தமிழில் பின்வருமாறு கூறலாம்.

முதலாவது, சுருதியொலி. பாடுவோர் தம்பூராவை உணர்ந்து கவனிப்பதில்லை; ஆயினும் பாட்டு முழுவதும் அதன்மேல் நிற்கிறது. கடற்கரை மக்களுக்கு அலையோசை அத்தகையது. நகர மக்களுக்கு அது மின்சாரத்தின் ரீங்காரம். வட அமெரிக்காவில் மின்னோட்டம் நொடிக்கு 60 சுழற்சி, ஐரோப்பாவில் 50. உள்ளத்தில் இயல்பாக எழும் ஒரு சுரத்தை முனகும்படி மாணவர்களைக் கேட்டபோது, இரு கண்டத்தாரும் தத்தம் மின்சாரத்தின் சுரத்தையே எளிதில் பற்றினர் என்று ஷேஃபர் எழுதினார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்னோட்டம் 50 சுழற்சிதான். நாம் அறியாமலே நம் வீட்டில் ஒரு சுருதி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, அறிவிப்பொலி. சங்கு, மணி, அபாய ஊதல் முதலியன செவியைத் தாமே இழுப்பவை.

மூன்றாவது, அடையாள ஒலி. ஓர் இடத்தை மலையோ கோபுரமோ அடையாளம் காட்டுவதுபோல் ஒலியும் காட்டும். வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் ஒவ்வோர் இரவும் 9 மணிக்கு ஒரு பீரங்கி வெடிக்கும். 1816இல் வார்க்கப்பட்டு 1894இல் அங்கு வந்தது அது. 1967 முதல் நண்பகலில் கனடிய நாட்டுப்பண்ணின் முதல் நான்கு சுரங்களை முழக்கும் ஊதுகுழல்களும் அந்நகரில் உண்டு. இத்தகைய ஒலி மறையுமானால் ஊர் தன்னில் ஒரு பகுதியை இழக்கும் என்பது ஷேஃபரின் நிலைப்பாடு. பெயரில்லாத ஒலிக்காக எவரும் போராட மாட்டார். பெயர் வைத்தபின்தான் அதைக் காக்கவும், காக்க வேண்டுமா என்று வாதிடவும் முடிகிறது.

ஐந்து ஊர்களில் அளந்தவை

1975இல் அக்குழு ஐரோப்பாவின் ஐந்து சிற்றூர்களை ஆய்ந்தது: சுவீடனில் ஸ்க்ரூவ், ஜெர்மனியில் பிஸ்ஸிங்கன், இத்தாலியில் செம்ப்ரா, பிரான்ஸில் லெஸ்கோனில், ஸ்காட்லாந்தில் டாலர். இவற்றுள் லெஸ்கோனில் நம் கவனத்துக்கு உரியது. மீன்பிடி ஊராகிய அங்கே, நல்ல வானிலை நாட்களில் நிலக்காற்றும் கடற்காற்றும் நாளின் பொழுதுகளுக்கேற்ப முறையாகத் திசை மாறும். காலையில் உள்நாட்டு ஊர்களின் மணியோசை காற்றில் வரும். பிற்பகலில் கடலில் மிதக்கும் எச்சரிக்கை மிதவையின் ஓசை வரும். ஊரார் ஒலியைக் கேட்டே காற்றையும் பொழுதையும் கணித்தனர். அங்கே ஒலி அழகுப்பொருள் அன்று. வாழ்க்கைக்கு வேண்டிய அறிவு.

2000ஆம் ஆண்டளவில் பின்லாந்து ஆய்வாளர் அதே ஊர்களுக்கு மீண்டும் சென்று, தம் நாட்டின் நௌவோ எனும் ஊரையும் சேர்த்து ஆய்ந்தனர். கால் நூற்றாண்டுக்குமுன் முறையாகச் செய்த பதிவு இருந்தமையால்தான் மாற்றத்தை அளக்க இயன்றது.

அமெரிக்கப் பதிவாளர் பெர்னி கிராஸ் செய்தது இதனினும் கூர்மையான சான்று. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் புல்வெளி எனும் இடத்தில், தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டினால் காட்டுக்குக் கேடில்லை என்று கூறப்பட்டது. 1988இல் வெட்டுமுன்பும், ஓராண்டு கழித்து வெட்டியபின்பும் அவர் அங்கே பதிந்தார். நிழற்படங்களில் இரு காடுகளும் ஒன்றுபோலவே தோன்றின. பதிவுகளிலோ, முன்பு செறிந்திருந்த பறவைக் குரல்கள் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தன. கண் காணாததைச் செவி கண்டது.

கடற்கரையும் ஆறும்

திட்டத்தின் பதிவுகள் கலையாகக் கனிந்ததற்கு வெஸ்டர்காம்ப் 1989இல் அமைத்த ‘கிட்ஸ் கடற்கரை ஒலிநடை’ சிறந்த சான்று. வான்கூவரின் கடற்கரையில், பாறைகளில் ஒட்டியிருக்கும் கொட்டலசு எனும் சிற்றுயிர்களின் மிக நுண்ணிய சொடுக்கொலியை அவர் பதிந்தார். பின்னணியில் நகரம் உறுமுகிறது. கலைஞரின் குரல் நம்மிடம் நேரே பேசி, நகரத்தின் உறுமலைத் தம் பதிவறையில் குறைக்க இயலும் என்று சொல்லி, நாம் கேட்கக் கேட்கவே குறைத்துக் காட்டுகிறது. இயற்கையின் அமைதி என்று நாம் கேட்டு மகிழும் பதிவுகளில் பல இவ்வாறு செய்யப்பட்டவையே. அதனை மறையாது சொன்னதே இப்படைப்பின் நேர்மை.

நியூசிலாந்தில் பிறந்த அன்னியா லாக்வுட் ஆறுகளைத் தேர்ந்தார். 1982இல் வெளிவந்த ‘ஹட்சன் ஆற்றின் ஒலிவரைபடம்’, மலையில் ஊற்றெடுக்கும் இடத்திலிருந்து கடல் சேரும் இடம்வரை 15 இடங்களில் நீரின் ஓசையைப் பதிந்து தொடுத்தது. அடுத்து டான்யூப் ஆற்றுக்குச் சென்றபோது, கரைவாழ் மக்களிடமும் ஆறு அவர்களுக்கு என்ன என்று கேட்டார். அவர்கள் ஜெர்மன், ஹங்கேரியம், செர்பியம், ருமேனியம் என அவரவர் மொழியிலும் வட்டார வழக்கிலும் விடையளித்தனர். அக்குரல்கள் மொழிபெயர்ப்பால் மூடப்படாமல் நீரோடு நீராக ஒலிக்கின்றன. ஒரே ஆறு நாடுதோறும் மொழி மாறி ஓடுவதை அங்கே கேட்கலாம். பேச்சும் நிலத்தின் ஒலிகளுள் ஒன்று என்பதை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது.

அருவியிலிருந்து பிறந்த இலக்கணம்

இதுவரை கண்டவர்கள் புதுச்சொல் ஆக்கியவர்கள். அத்தகைய சொற்களை முன்பே உடைய மக்களும் உளர். பாப்புவா நியூகினியின் போசாவி மழைக்காட்டில் வாழும் கலூலி மக்களிடையே 1970களில் களப்பணி செய்த மானிடவியலார் ஸ்டீவன் ஃபெல்ட், 1982இல் தம் நூலில் அதனை விளக்கினார். கலூலி மொழியில் பாட்டின் இலக்கணம் நீரின் சொற்களால் ஆனது. ‘சா’ என்றால் அருவி. பாட்டின் சுரம் கீழிறங்குவதும் அருவியாகவே சொல்லப்படும். புதிய பாட்டு மனத்தில் எழுவது, தலைக்குள் ஓர் அருவி விழுவது போன்றது என்பர் அம்மக்கள். அவர்தம் பாடல்கள் ஓடை, மலை, பாதை ஆகியவற்றின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கேட்போரைக் காட்டின் ஊடே நடத்திச் செல்லும்.

1991இல் ஃபெல்ட் ‘மழைக்காட்டின் குரல்கள்’ எனும் ஒலித்தொகுப்பை வெளியிட்டார். ஒரு பகலும் இரவும் அதில் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகச் சுருக்கப்பட்டன. பறவை, பூச்சி, நீர், மனிதப் பாட்டு ஆகியன ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒலிக்கின்றன. ஒலியின்வழி உலகை அறிதல் என்பதற்கு அவர் ஒரு தனிக் கலைச்சொல்லும் படைத்தார்.

எதிர்க்குரல்கள்

இக்கலை எதிர்ப்பின்றி வளரவில்லை. ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ லோப்பஸ், கோஸ்டா ரிகாவின் மழைக்காட்டில் பதிந்து 1998இல் ‘லா செல்வா’ எனும் படைப்பை வெளியிட்டார். அது அக்காட்டைக் காட்டும் ஆவணம் அன்று, ஒலியாகவே கேட்கப்பட வேண்டியது என்று வாதிட்டார். பிரெஞ்சு ஷெஃபேரின் வினா அவரிடம் மீண்டும் எழுந்தது.

இன்னும் ஆழமான எதிர்க்குரல் கனடாவின் பூர்வகுடி மக்களிடமிருந்து வந்தது. ஸ்டோலோ இனத்தைச் சேர்ந்த அறிஞர் டிலன் ராபின்சன் 2020இல் வெளியிட்ட நூலில், குடியேறியோரின் கேட்கும் முறை பசியோடு பற்றிக்கொள்ளும் முறை என்றார். பூர்வகுடிப் பாடல்களைத் தம் இசைக்கு வெறும் மூலப்பொருளாக்கிய இசையமைப்பாளரைக் கடிந்தார். முன்பு கூறிய பீரங்கியை இங்கு நினைத்துப் பார்ப்போம். ஸ்டான்லி பூங்கா என வழங்கும் அந்நிலத்தில் பூர்வகுடி மக்களின் ஊர் இருந்தது. ஒரு சாராருக்கு அன்பான அடையாள ஒலி, அவ்வூரை இழந்தவரின் வழித்தோன்றலுக்கு எவ்வாறு கேட்கும்? ஒலி இடத்துக்கு உரியது என்று சொல்லி நிறுத்தினால் போதாது. அவ்விடம் யாருக்கு உரியது என்றும் கேட்டாக வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு

இங்கே நம் மரபை நினையாதிருத்தல் இயலாது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுகையில், மரம், பறவை, விலங்கு ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணுகிறது. நிலத்துக்கு நிலம் ஒலி வேறுபடும் எனும் உணர்வு அதில் தெளிவாக உண்டு. ஆயினும், இக்கலை எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று பெருமை பேசுதல் முறையன்று. திணை கவிதையின் இலக்கணம். ஒலிச்சூழல் ஆய்வு பதிவும் அளவையும் சார்ந்தது. ஒன்று மற்றதைப் பிறப்பிக்கவில்லை. நாம் கொள்ளத்தக்கது பெருமை அன்று, பொறுப்பு.

அப்பொறுப்பு வகுப்பறையிலேயே தொடங்கும். ஒலிமரபை நம் பள்ளிகளில் கற்பிக்கிறோம். மயில் அகவும், யானை பிளிறும், குயில் கூவும் என மாணவர் மனனம் செய்கின்றனர். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் மாணவர் விடியற்காலையில் குயிலை உண்மையாகவே கேட்கின்றனர். ஆனால் தேர்வுத்தாளில் உள்ள குயிலும் சன்னலுக்கு வெளியே உள்ள குயிலும் அவர்கள் மனத்தில் ஒன்றாவதில்லை. மின்தூக்கியின் கதவு மூடும் ஒலிக்கும், விரைவு ரயில் நடைமேடையில் நுழைகையில் எழும் காற்றொலிக்கும், ரப்பர்த் தோட்டத்தில் காய் வெடித்துச் சிதறும் ஒலிக்கும் நாம் என்ன சொல் வைத்திருக்கிறோம்? இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்பும் நிறைந்த மொழி தமிழ். சொல்லாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. குறைந்திருப்பது கேட்கும் பழக்கமே.

ஆகவே ஆசிரியர்கள் ஒரு சிறு பயிற்சியை மேற்கொள்ளலாம். மாணவர்களைப் பேசாமல் பள்ளியைச் சுற்றிக் கால்மணி நேரம் நடக்கச் செய்க. கேட்ட ஒலிகளைப் பட்டியலிடச் செய்க. எது சுருதியொலி, எது அறிவிப்பொலி, எது அடையாள ஒலி எனப் பகுக்கச் செய்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வினைச்சொல் காணச் செய்க. இல்லையெனில் ஆக்கச் செய்க. இறுதியாக, இவற்றுள் எது நாளை நின்றுபோனால் வருந்துவீர் என்று கேட்க. கைப்பேசியில் பதிந்து, நாளும் இடமும் குறித்து, பள்ளி நூலகத்தில் வைக்க. 25 ஆண்டு கழித்து வேறொரு வகுப்பு அதே வழியில் நடக்கையில், ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் ஒலியும் இருக்கும். அதற்கான சொல்லும் இருக்கும்.